பன்னிரண்டாவது தட்டு

எங்கள் பக்கம் பனி என்றால்
விடியலில் தார்ப்பாய் மடிப்பில் தேங்கும் ஈரம்.
அதற்கு ஒரு மப்ளர் போதும்.
ஐயாறு இருக்கும் இடத்திலும் அதே சொல்தான்.
அங்கே அது ஆளை மூடும்.

காலை ஐந்தே முக்காலுக்கு
சிக்னல் இருந்தால் ஓர் எண் வரும்.
"இன்னிக்கு மூணு."
ஐந்தில் மூன்று.
ஐந்து என்றால் ஒண்ணுக்குப் போகக்கூட
கூடாரத்தை விட்டுத் தள்ளிப் போகமாட்டார்கள்.
பதிலுக்கு என் எண்ணை அனுப்புவேன்:
"பதினாறு புள்ளி எட்டு."
கோட்டூர்ப் பக்கம், வாய்க்கால் கரையில்,
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
நெல்லின் ஈரம் பதினேழைத் தாண்டினால் எடுக்கக் கூடாது.

இப்படித்தான் நலம் விசாரித்துக்கொள்கிறோம்.

போன விடுப்பில் வந்தவன்
நெற்குவியலைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.
பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
"முப்பத்தஞ்சு" என்றான்.
முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில்தான்
மலை ஆளைத் தின்னுமாம்.
அதைவிடச் செங்குத்தில் பனி தங்காது,
அதைவிடச் சாய்வில் நகராது.
லோடுமேன் அம்மாசி சிரித்தார்:
"நெல்லு மூடிச் செத்தவன் எவன்?
நெல்லு இல்லாமச் செத்தவந்தான்."

ஐயாறு விடவில்லை.
குவியலின் ஓரத்தைப் பலகையால் வெட்டிக் காட்டினான்.
மேலே நேற்றுக் கொட்டியது.
அடியில் மழைக்கு முந்தியது.
நடுவே ஒரு விரற்கடை
நனைந்து, வெயில் பட்டு, பொருக்குத் தட்டியது.
"கனமா இருக்குறதுக்குப் பயப்பட வேணாம்.
நடுவுல ஒட்டாமக் கெடக்கு பாரு, அதுக்குத்தான்.
சீனி மாதிரி இருக்கும். அள்ளுனா உருளும்."
பனியைத் தூண்போல வெட்டி நிறுத்தி
மேலே மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்களாம்.
மணிக்கட்டிலிருந்து பத்து.
முழங்கையிலிருந்து பத்து.
தோளிலிருந்து பத்து.
எத்தனையாவதில் வழுக்கி வருகிறது என்று பார்த்து
போவதா வேண்டாமா.

அவனிடம் ஒரு நீளக் கம்பி உண்டு,
மடித்தால் பைக்குள் போகும்.
எதற்கு என்று கேட்டேன்.
பேசாமல் என் மேசைமேல் கிடந்த குத்தூசியைக் காட்டினான்.
மூட்டைக்குள் செருகி நெல் எடுப்போமே, அது.
அன்றிலிருந்து
மெதுவாகத்தான் செருகுகிறேன்.

தை கடைசியில் மூன்று நாள் மழை.
அங்கேயும் அதே மூன்று நாள்.
அது வேறு மேகம், தெரியும்.
நான்காம் நாள் எண் வரவில்லை.

சந்திரகாசு வந்தார், வாடகை டிராக்டரில்
அறுபத்து மூன்று மூட்டையோடு.
கருவியில் பத்தொன்பது புள்ளி இரண்டு.
மறுபடி அள்ளிப் போட்டேன்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
"ரெண்டு புள்ளிதானம்மா. கண்ணை மூடிக்க."
வட்டிக்கு வாங்கி அறுத்தவர்.
திரும்பிப் போனால் மூட்டைக்குள்ளேயே முளைக்கும்.
எனக்குத் தெரியாதா?
என் கண் போன்மேல் இருந்தது.

பதினொன்றரைக்கு அதிர்ந்தது.
"நாலு. பன்னெண்டாவது தட்டுல விட்டுருச்சு.
முக்கால்வாசி ஏறிட்டுத் திரும்பிட்டோம்.
மேல போஸ்ட்டுல இருக்கவனுக்கு ரேஷன் போகல.
மேஜருக்குக் கோவம்."

திரும்பிட்டோம்.
ஒரு சொல் இவ்வளவு இனிக்கும் என்று
யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.
நிமிர்ந்தால் எதிரே சந்திரகாசு.
அவரிடமும் நான் சொல்ல வேண்டியது
அதே சொல்லைத்தான்.

வாய் வரவில்லை.
"சிமெண்டுக் களம் காலியாத்தான் கெடக்கு,
சாயங்காலம் வரைக்கும் பரப்பிப் பாருங்க" என்றேன்.
அதற்கு விதி கிடையாது.
கண்காணிப்பாளர் வந்தால் நான்தான் பதில் சொல்லணும்.
வெயில் நிற்குமா என்று சொல்ல
என் மேசையில் கருவி இல்லை.

மூட்டையோடு ஆட்கள்
பழைய குவியல்மேல் குறுக்கே ஏறினார்கள்,
கணுக்கால் புதையப் புதைய, கூட்டமாக.
"ஒவ்வொருத்தரா போங்க!"
என்று கத்திவிட்டேன்.
அம்மாசி திரும்பிப் பார்த்தார்.
இந்த முறை சிரிக்கவில்லை.
முன்னே போனவன் இறங்கும்வரை
மூட்டையோடு நின்றார்.